பட்டாவில் பிழை, பாதியில் நிற்கும் கிரையம்: எந்தத் தவறுக்கு எந்த அலுவலகம்?

விலை பேசி முடிந்திருக்கும். முன்பணம் கைமாறியிருக்கும். நெல் விற்ற காசு, நகையை வைத்து வாங்கிய காசு எல்லாம் சேர்த்து வைத்திருப்பீர்கள். மீதிக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கியின் வழக்கறிஞர் ஒரு வரி எழுதி அனுப்புவார்: "பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகவில்லை." அல்லது, "பட்டா இன்னும் விற்பவரின் தாத்தா பெயரில் இருக்கிறது." அதோடு கிரையம் நின்றுவிடும். ஒரு மாதத்தில் முடிய வேண்டிய வேலை ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும்.

இப்படி நின்றதும் பெரும்பாலோர் செய்வது, இ-சேவை மையத்துக்குப் போய் ஒரு பட்டா மாறுதல் மனுவைப் போடுவது. சில வாரங்களில் அது தள்ளுபடி என்று வரும். மறுபடி ஒரு மனு, மறுபடி தள்ளுபடி. காரணம் எளிது. பட்டா மாறுதல் வேறு, பட்டா திருத்தம் வேறு. சொத்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால் அது மாறுதல். கை மாறாமலே பதிவேட்டில் தவறாக எழுதப்பட்டிருந்தால் அது திருத்தம். திருத்தத்திலும், தவறு எந்தக் காலத்தில் எந்தப் பதிவேட்டில் நுழைந்தது என்பதைப் பொறுத்தே அதைச் சரிசெய்யும் அதிகாரி மாறுவார். தவறு பிறந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு மனு எழுதினால் பாதி வேலை முடிந்தது.

பத்திரம் உரிமை, பட்டா கணக்கு

வீடோ நிலமோ உங்களுடையது என்று சொல்வது பதிவு செய்யப்பட்ட பத்திரமும் அதற்கு முன்னால் உள்ள தாய்ப்பத்திரங்களும்தான். பட்டா என்பது, இந்த நிலத்துக்கு யாரிடம் வரி வாங்குவது என்று வருவாய்த்துறை வைத்திருக்கும் கணக்கு. பட்டாவில் பெயர் ஏறுவதால் புதிதாக உரிமை வந்துவிடாது, ஏறாததால் இருந்த உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1996ல் சாவர்ணி எதிர் இந்தர் கவுர் வழக்கில் சொன்னது. அதன்பின் வந்த பல தீர்ப்புகளிலும் இதையே திரும்பச் சொல்லியிருக்கிறது.

ஆகவே பட்டாவில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் இருக்கிறது என்பதற்காக நிலம் அவருக்குப் போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் பட்டா இல்லாமல் எதுவும் நகராது. வங்கிக் கடன், பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது பட்டாவைத்தான். நீதிமன்றம் சொல்வது ஒன்று, கவுண்டரில் கேட்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

தவறு எங்கே பிறக்கிறது?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பட்டாப் பிழை என்று பேச்செடுத்தால் முதலில் வரும் சொல் யு.டி.ஆர். 1979ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் அது. அதற்கு முன்பு பல கிராமங்களில் பட்டாக்கள் இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தியவர்கள் பெயரிலேயே கிடந்தன. அலுவலர்கள் ஊர் ஊராக வந்து, யார் கையில் நிலம் இருக்கிறது என்று விசாரித்து, புதிய அ-பதிவேட்டை எழுதினார்கள். ஏக்கர், சென்ட் என்று இருந்த பரப்பு ஹெக்டேர், ஏர் என்று மாறியதும் அப்போதுதான். பழைய உட்பிரிவு எண்கள் பலவும் அப்போது மாறின.

நல்ல திட்டம்தான். ஆனால் விசாரணைக்கு வந்த அன்று ஊரில் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டமாயிற்று. பிழைக்க வெளியூர் போனவர், ராணுவத்தில் இருந்தவர், கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் விடுபட்டன. மூன்று சகோதரர்கள் சொத்தில் மூத்தவர் மட்டும் போய் நின்றதால் அவர் பெயரில் மட்டும் பட்டா ஏறியது. குத்தகைக்கு உழுதவர் பெயர் ஏறிய இடங்களும் உண்டு. பட்டா நிலமே தரிசு, புறம்போக்கு என்று எழுதப்பட்ட இடங்களும் உண்டு. அன்றைக்கு இதை யாரும் கவனிக்கவில்லை. நிலத்தை விற்கப் போகும்போதுதான், அதாவது 40 வருடம் கழித்து, தெரியவருகிறது.

அடுத்த பிறப்பிடம் கணினி. கையால் எழுதிய பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தபோது முருகேசன் முருகன் ஆனார், தகப்பனார் பெயர் விடுபட்டது, 85 என்பது 58 ஆனது, ஒரு உட்பிரிவே காணாமல் போனது. கைப்பிரதியில் சரியாக இருந்து கணினியில் மட்டும் தவறு என்றால் அது இந்த வகை. திருத்துவதற்கு ஆக எளிதானதும் இதுதான்.

மூன்றாவது, பத்திரத்திலேயே உள்ள தவறு. பத்திரம் எழுதுபவர் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவார். அதில் 112/1 என்று இருந்தால் இதிலும் 112/1 என்று இருக்கும். இடையில் அந்த எண் 112/1ஏ, 112/1பி என்று பிரிந்துபோயிருக்கும். கிழக்கு மேற்காக மாறியிருப்பது, அளவு நீளத்துக்கு அகலம் என்று மாறியிருப்பது, தெருப்பெயர் தவறியிருப்பது எல்லாம் இதில் அடங்கும். இதை வருவாய்த்துறை திருத்தாது.

நான்காவதைப் பிழை என்றே சொல்லக்கூடாது. யாரும் போய் மாற்றாமல் விட்டது. அப்பா இறந்து 20 வருடம் ஆகியும் பட்டா அவர் பெயரில் இருக்கும். கூட்டுப்பட்டாவில் பத்துப் பேர் பெயர் இருக்கும், அதில் நான்கு பேர் உயிரோடு இல்லை. கிரையம் வாங்கியவர் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு சரி, பட்டா மாற்றவே இல்லை. வங்கி திருப்பி அனுப்பும் கோப்புகளில் இந்த வகையும் நிறைய இருக்கும்.

தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்

தவறு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க ஒரு பகல் உட்கார்ந்தால் போதும். வீட்டில் உள்ள பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, அ-பதிவேட்டின் பகுதி, புலப்படம் மூன்றையும் எடுக்கலாம். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். செல்போனிலேயே பார்க்க முடியும், முடியாதவர்கள் இ-சேவை மையத்தில் எடுக்கலாம். இவற்றோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் யு.டி.ஆர். அ-பதிவேட்டின் நகலும், அதற்கு முந்தைய பழைய நில அளவைப் பதிவேட்டின் நகலும் கேட்டு வாங்குங்கள். இந்தப் பழைய நகலைத்தான் பலரும் வாங்குவதில்லை. அது இல்லாமல் திருத்த மனு போடுவது வெறுங்கையோடு போவது போல.

இப்போது பழையதிலிருந்து புதியதுக்கு ஒவ்வொன்றாக நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பெயர், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை. எந்தத் தாளில் முதன்முதலாக மாறுகிறதோ அங்கேதான் பிழை பிறந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1962ஆம் ஆண்டுப் பத்திரத்தில் 2 ஏக்கர் 10 சென்ட் என்று இருக்கிறது. 1 ஏக்கர் என்பது 40.47 ஏர். எனவே 210 சென்ட் ஏறக்குறைய 85 ஏர் வரும், பட்டாவில் 0.85.0 என்று இருக்க வேண்டும். கணினிப் பட்டாவில் 0.58.0 என்று இருக்கிறது. அதாவது 1 ஏக்கர் 43 சென்ட். 67 சென்ட் குறைகிறது. கையெழுத்து யு.டி.ஆர். பதிவேட்டில் 0.85.0 என்று சரியாக இருந்தால் இது தட்டச்சுப் பிழை. அந்தப் பதிவேட்டிலேயே 0.58.0 என்று இருந்து, பக்கத்து உட்பிரிவில் அந்த 27 ஏர் கூடியிருந்தால் கதையே வேறு. பக்கத்து நிலத்துக்காரரையும் அழைத்து விசாரித்துத்தான் அதைத் திருத்த முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அரை சென்ட், ஒரு சென்ட் வித்தியாசம் அலகு மாறியதாலும் வரும். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். மாற்றும்போது முழு எண்ணாக்கியதில் கொஞ்சம் கூடக்குறைய வந்திருக்கும். அதற்கெல்லாம் திருத்தம் கேட்டு அலைய வேண்டாம். பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 100 லிங்க்ஸ் என்பது 66 அடி. அதை மீட்டர் என்று நினைத்துப் பெருக்கிவிட்டு நிலம் காணாமல் போய்விட்டது என்று சண்டைக்குப் போகக்கூடாது.

எந்தத் தவறுக்கு யாரிடம் போவது?

கணினியில் ஏற்றும்போது வந்த எழுத்துப் பிழை, எண் பிழை என்றால் வட்டாட்சியர் போதும். மனுவில் "பட்டா மாறுதல் வேண்டும்" என்று எழுதாதீர்கள். "கைப்பிரதி அ-பதிவேட்டில் இன்ன பக்கத்தில் இப்படி உள்ளது, கணினிப் பட்டாவில் இப்படி உள்ளது, கைப்பிரதிப்படி திருத்தித் தர வேண்டும்" என்று எழுதி இரண்டின் நகலையும் வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அறிக்கை கொடுத்தால் வேலை முடியும்.

யு.டி.ஆர். காலத்துப் பிழை என்றால் கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் அளவில் விசாரணை நடக்கும். பழைய பதிவேட்டு நகல், தாய்ப்பத்திரம், கிஸ்தி கட்டிய ரசீது, அனுபவத்தைக் காட்டும் அடங்கல் ஆகியவை இங்கே பேசும். இப்போது பட்டாவில் பெயர் உள்ளவருக்கு அறிவிப்புப் போகும். அவர் வந்து "ஆமாம், இது இவர்களுடையதுதான்" என்று எழுதிக் கொடுத்தால் பிரச்சினை சுலபமாக முடியும். பக்கத்து நிலத்துக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். அவர் காலத்துக்குப் பின் அவருடைய பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு பட்டாவை மட்டும் பார்த்துப் பேசுவார்கள்.

எதிர்த்தரப்பு "நிலமே என்னுடையது" என்று நின்றால் வருவாய்த்துறை அதைத் தீர்க்க முடியாது. யாருக்கு உரிமை என்று தீர்மானிக்கும் வேலை உரிமையியல் நீதிமன்றத்துடையது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட மனுக்களில் அதிகாரிகள் இரு தரப்பையும் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த நிலையில் உள்ள வீட்டையோ மனையையோ வாங்க நினைப்பவர் விலகிக்கொள்வதே நல்லது.

பத்திரத்தில் பிழை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். முன்பு எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும். வர மறுத்தால் 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டப்படி நீதிமன்றத்தில் திருத்தம் கேட்கலாம். எழுத்துப் பிழைக்குச் செலவு குறைவு. பரப்பைக் கூட்டித் திருத்தினால் கூடுதல் பரப்புக்கு முத்திரைத் தீர்வை கேட்பார்கள். பத்திரம் சரியாக இருந்து வில்லங்கச் சான்றில் மட்டும் சர்வே எண் தவறி வந்தால் பத்திர நகலோடு சார்பதிவாளரிடமே மனுக் கொடுக்கலாம், புதிய பத்திரம் தேவையில்லை.

வில்லங்கச் சான்றில் பழைய கடன் நிற்பதும் கிரையத்தை நிறுத்தும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடமானக் கடன் வாங்கி, முழுவதும் கட்டிய பிறகும் ரசீதுப் பத்திரம் பதியாமல் விட்டால் கடன் இருப்பதாகவே காட்டும். கடன் கொடுத்த இடத்தில் கேட்டு அதைப் பதிந்துகொள்ள வேண்டும். தள்ளுபடியான கடனுக்கும் இதே விதிதான்.

பட்டாவில் "ஒப்படை", "பஞ்சமி", "கோயில்" போன்ற சொற்கள் தென்பட்டால் அதைப் பிழை என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். அவை நிபந்தனைகள். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்க முடியாது. எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலும் அது மாறாது.

இறந்தவர் பெயரில் பட்டா

இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, அதற்குப்பின் பட்டா மாறுதல் என்பது வரிசை. இதில் தடுமாறும் இடம் வாரிசுப் பட்டியல். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண் ஒருவரின் முதல்நிலை வாரிசுகளில் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாயாரும் உண்டு. மகன் இறந்தபோது தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போகிறது. அந்தப் பாட்டி பிறகு இறந்தால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது விற்பவரின் அத்தை, சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வரும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டாயிற்று என்று நினைத்த கோப்பு வங்கியில் நிற்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணத்தின்போதே எல்லாம் செய்தாயிற்று என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. தந்தை சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்ட சொத்தில் 1956 முதலே மகள்களுக்குச் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது. எனவே வாங்குபவர் மகள்களின் கையெழுத்தையும் கேட்க வேண்டும், அல்லது அவர்கள் பதிந்து கொடுத்த விடுதலைப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய ஒப்புதல் போதாது. வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவையா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நத்தத்தில் வீடு வாங்குகிறீர்களா?

கிராமத்தில் வீடு என்றால் பெரும்பாலும் அது நத்தத்தில்தான் இருக்கும். வயல் பட்டா பார்த்துப் பழகியவர்களுக்கு நத்தம் கணக்கு புரியாது. தலைமுறையாகக் குடியிருந்த வீடுகளுக்குப் பல நேரம் பத்திரமே இருக்காது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும்தான் இருக்கும். நத்தம் நிலவரித் திட்டத்தின்போது அளந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கொடுத்து, முதலில் தோராயப் பட்டா, பிறகு தூய பட்டா என்று வழங்கினார்கள். உங்களிடம் விற்பவர் காட்டுவது தோராயப் பட்டாவா, தூய பட்டாவா என்று முதலில் பாருங்கள். தோராயப் பட்டாவுக்குப் பின் ஆட்சேபணை வந்து விவரங்கள் மாறியிருக்கலாம்.

நத்தத்தில் குடியிருப்பவரின் வீட்டுமனை அரசுக்குச் சொந்தமானதல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அளந்த காலத்தில் பூட்டிக் கிடந்த வீடும் காலிக் கொல்லையும் சில ஊர்களில் "சர்க்கார்" என்று பதிவாகிவிட்டன. வீட்டுக்கு முன்னால் உள்ள வாசல், பின்னால் உள்ள கொல்லை பட்டாவில் சேராமல் வீடு மட்டும் சேர்ந்திருப்பதும் சகஜம். விற்பவர் தெரு வரை கையைக் காட்டி "இது எல்லாம் நம்முடையது" என்பார். நத்தம் வரைபடத்தில் பார்த்தால் பாதி பொதுப்பாதையாக இருக்கும். எனவே சர்வேயரை அழைத்து அளந்துவிட்டு, அளவில் வரும் சதுர மீட்டரை நத்தம் பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள். நத்தம் விவரங்களும் இப்போது அதே இ-சர்வீசஸ் தளத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. கூட்டுக்குடும்பமாக இருந்த வீட்டில் நடுச்சுவர் யாருடையது, கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டாப் பிழையைவிட இதற்குத்தான் பின்னால் அதிகம் சண்டை வரும்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால்

பிழை தெரிந்த பிறகும் வீடு பிடித்திருக்கிறது, விற்பவரும் நல்லவர் என்றால் வாங்கலாம். ஆனால் பிழையைத் திருத்தும் பொறுப்பு விற்பவருடையது. உரிமையில் உள்ள குறையை வாங்குபவரிடம் மறைக்கக்கூடாது என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவே சொல்கிறது. "கிரையம் முடித்துக்கொள்ளுங்கள், பட்டாவை நீங்களே பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இணங்கினால் அலைச்சல் உங்களுக்குத்தான். பணம் வாங்கியவர் எந்த அலுவலகத்துக்கும் உங்களோடு வரமாட்டார்.

ஒப்பந்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும், இன்னொருவர் அந்த வீட்டை வாங்கப் பார்த்தால் அவர் கண்ணில் படும். ஒப்பந்தத்தில் என்ன பிழை இருக்கிறது என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். திருத்தம் வந்த தேதியிலிருந்து இத்தனை நாளில் கிரையம், இன்ன தேதிக்குள் திருத்தம் வராவிட்டால் முன்பணம் திரும்ப, அளந்து வரும் பரப்புக்கு மட்டுமே விலை என்ற மூன்றும் அவசியம். விற்பவர் மறுத்தால் ஒப்பந்தப்படி கிரையம் செய்யச் சொல்லி வழக்குப் போட 3 வருடம்தான் காலக்கெடு. திருத்தம் வரட்டும் என்று பேசாமல் இருந்தே அதைத் தாண்டவிட்டு விடக்கூடாது.

பட்டா வரும்வரை பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறேன், வீட்டில் குடிவந்துவிடுங்கள் என்பார்கள். அதிகாரப் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனால் சிக்கல் இரண்டு மடங்காகும்.

மனு நகராவிட்டால்

உட்பிரிவு செய்யத் தேவையில்லாத பட்டா மாறுதலுக்கு 15 நாள், உட்பிரிவு செய்ய வேண்டியதற்கு 30 நாள் என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அங்கேதான் நாள் ஓடும். மனுக் கொடுத்த ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து மனு யாருடைய மேசையில் இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு அந்த அலுவலரிடமே போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் மனுவுக்காகத் தாலுகா அலுவலகத்தில் போய் உட்கார்ந்து பயனில்லை.

தள்ளுபடி ஆனால் காரணத்தைப் படியுங்கள். ஆவணம் இணைக்கவில்லை என்றால் இணைத்துப் புதிதாகப் போடலாம். ஆவணம் எல்லாம் இருந்தும் தள்ளுபடி என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அங்கும் தவறினால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்பதே 1983ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கும் வழி.

ஆண்டுதோறும் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியை விட்டுவிடாதீர்கள். அன்று கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைக்கு வரும், மேலதிகாரி எதிரில் இருப்பார். பெயர்ப் பிழை, தகப்பனார் பெயர் விடுபட்டது போன்றவற்றுக்கு அது நல்ல நாள். உங்கள் கிராமத்துக்கு எந்தத் தேதி என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

பழைய பதிவேட்டு நகல் கிடைக்கவில்லை, மனு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "என் மனு ஏன் தாமதம்" என்று கேட்காமல், "இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணுக்கான யு.டி.ஆர். அ-பதிவேட்டின் சான்றிட்ட நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எதற்கும் அசையாத மனுக்களுக்கு, குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம். சென்னையும் மதுரைக் கிளையும் இப்படிப்பட்ட உத்தரவுகளை வழக்கமாகப் பிறப்பிக்கின்றன. அந்த உத்தரவு முடிவெடுக்கத்தான் சொல்லும், உங்கள் பக்கம் முடிவெடுக்கச் சொல்லாது. எனவே ஆவணங்களைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

எல்லாம் சரியாகிக் கிரையம் முடிந்த பிறகு ஒரு வேலை மீதம் இருக்கிறது. பத்திரம் பதிந்ததும் பட்டா மாறுதலுக்கான விவரம் பதிவுத்துறையிலிருந்து இணையம் வழியாகவே வருவாய்த்துறைக்குப் போகும். உட்பிரிவு தேவைப்படாத சொத்தில் பட்டா தானாகவே மாறும். தானாக மாறும்போதும் எழுத்துப் பிழை வரும். ஒரு மாதம் கழித்துப் புதிய பட்டாவை எடுத்து, பெயரும் தகப்பனார் அல்லது கணவர் பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, பரப்பு பத்திரப்படி இருக்கிறதா, விற்றவர் பெயர் இன்னும் கூட ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் பத்திர நகலோடு உடனே வட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள். அதே பட்டாவை எடுத்துக்கொண்டு போய் ஊராட்சியில் வீட்டு வரியையும், மின்வாரியத்தில் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.